நாம் ஏரியில் விட்ட இரண்டாவது பை

மாப்ள,

நேற்று மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பாதிப் பேர் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வந்தது. ஒரு அம்மா உட்கார்ந்தார், மூக்கைச் சுளித்தார், எழுந்து போய் நின்றுகொண்டார். கண்டக்டர் டிக்கெட்டை இரண்டு விரல் நுனியால் நீட்டினார். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. காலையிலிருந்து செத்த மீனைக் கூடை கூடையாக அள்ளிவிட்டு வருகிறவன் பக்கத்தில் நானும்தான் உட்கார மாட்டேன்.

அந்த நாற்றத்தோடு உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ இருக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கியவன், உன் வீட்டம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று கிளம்பியிருந்தேன். இப்போது உனக்கும் எழுதுகிறேன். எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்காதே.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது உன் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. இதே பாலத்தை எதிர்த்திசையில் கடந்து வருவாய். ஸ்ரீரங்கத்தில் உன்னைக் குடிவைக்கும்போது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வீட்டுக்குள் மீன் வாசனை வரக்கூடாது. நீயோ மீன் இல்லாத ஞாயிறை விடுமுறைக் கணக்கிலேயே சேர்க்காதவன். அதனால் காலை ஆறரைக்கெல்லாம் மன்னார்புரத்தில் என் வீட்டு வாசலில் நிற்பாய். என் மொபெட்டில் இரண்டு பேரும் புதுக்கோட்டை ரோட்டில் போய், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஏரிக்கரையில் தூண்டில் போடுவோம். வாரம் ஆறு நாள் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு அந்த மூன்று மணி நேரம் போதும்.

நீ கண்ணை மூடிக்கொண்டு தூண்டில் நரம்பு இழுக்கிற இழுப்பிலேயே மீன் பேரைச் சொல்வாய். கெண்டை என்றால் கெண்டை, குரவை என்றால் குரவை. ஒரு தடவை, "இது மீனே இல்ல, யாரோட செருப்போ" என்றாய். இழுத்தால் செருப்பு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா குழம்பு வைப்பாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பின்னாலிருக்கும் குழாயடியில் அரை எலுமிச்சம்பழத்தைத் தேய் தேயென்று தேய்த்துக் கை கழுவுவாய். கழுவிய கையை அவள் முன்னால் நீட்டுவாய்.

"தங்கச்சி, மோந்து பாரு. இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது அண்ணே. இன்னொரு தடவ கழுவுங்க."

அவள் சரி என்று சொன்னால்தான் பஸ் ஏறுவாய். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது. உன் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஏரி காய்ந்தது. கோடையில் குட்டையாகச் சுருங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அந்த வருஷம் குட்டையும் மிஞ்சவில்லை. இரண்டு ஐப்பசி அடுத்தடுத்து ஏமாற்றியிருந்தது. ஏரிக்குக் கீழே நாற்றங்காலிலேயே கருகிய நெல்லை ஆட்டுக்கு அவிழ்த்துவிட்டார்கள். பாளம் பாளமாக வெடித்த தரையில் விரால் எலும்பு கிடந்தது. பத்து வருஷம் ஆகியும் அந்த வெடிப்புக்குள் நீ கையை விட்டுப் பார்த்தது என் கண்ணில் நிற்கிறது. முழங்கை வரைக்கும் போனது, ஈரமில்லை.

அடுத்த வருஷம் மழை வந்தது, வந்த விதம்தான் விபரீதம். மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை இரண்டே நாளில் கொட்டிவிட்டுப் போனது. வாய்க்காலெல்லாம் பிளாட் போட்டு நகர் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த நகர்களின் சாக்கடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு தண்ணீர் ஏரிக்கு வந்தது. கரையில் நின்று பார்த்துவிட்டு, "தண்ணி இருக்கு மாப்ள, உசுரு இல்ல" என்றாய்.

அதற்காகத்தான் மீன் குஞ்சு விட்டோம். முதல் பை, கெண்டைக் குஞ்சு. அதை ஊரைக் கூட்டி விட்டோம். குடியரசு தினக் கூட்டத்தில் நம் இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். "எங்கேயோ டவுன்ல இருக்கவங்க நம்ம ஏரிக்கு உசுரு குடுத்திருக்காங்க" என்று ஊர்த் தலைவர் மைக்கில் சொன்னார். அந்த ஜரிகைத் துண்டு என் பீரோவில் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது பை என்னுடைய யோசனை. இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

மொபெட்டில் மீன் குஞ்சு கொண்டுவந்து விற்பவனை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். கெளுத்தி வேண்டும் என்றேன். கெளுத்தி சேற்றிலும் தாக்குப்பிடிக்கும், மறுபடி மழை ஏமாற்றினாலும் ஏரி வெறுமையாகாது என்பது என் கணக்கு. அவன் இரண்டு பைகளைக் காட்டினான். ஒன்றில் நாட்டுக் கெளுத்தி. இன்னொன்றைத் தூக்கிப் பிடித்து, "இது ஆப்பிரிக்கக் கெளுத்தி சார். மூணே மாசத்துல முழங்கை நீளம் வந்துடும். எதப் போட்டாலும் திங்கும். தண்ணியே இல்லன்னாலும் சாகாது. வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க, தடை பண்ணிருக்காங்க" என்றான். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. சாகாத மீன் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. காய்ந்த ஏரியைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. அதையே வாங்கினேன்.

மறுநாள் காலை கரையில் நாம் இரண்டு பேர் மட்டும்தான். பையை வெளிச்சத்தில் பிடித்து நீ வெகுநேரம் பார்த்தாய். அந்தப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"நாட்டுக் கெளுத்திதானே?"

"நாட்டுதான். பாத்துதான் வாங்குனேன்."

நீ முடிச்சை அவிழ்த்தாய். அவை கருப்பாக நெளிந்து இறங்கின. எனக்கு அப்போது கூச்சம்கூட வரவில்லை.

நாலு மாதம் கழித்து உன் தூண்டிலில் ஒன்று மாட்டியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்த நீ பேர் சொல்லவில்லை. கரையில் வந்து விழுந்ததைப் பார்த்தோம். மீசையும் தட்டைத் தலையுமாக, வழவழவென்று. காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்ததே தவிர சாகிற வழியைக் காணோம். வீட்டுக்குக் கொண்டுவந்து குழாயடியில் வயிற்றைக் கீறினோம். உள்ளே நத்தை, தவளைக்கால், அதோடு ஒரு முக்குளிப்பான் பறவைக் குஞ்சு. தலையில் கோடு போட்ட அந்தக் குஞ்சு பாதி கரைந்து கூழாகியிருந்தது, கால் விரல் மட்டும் அப்படியே இருந்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாய்: "என் கண்ணு ஏமாந்துடுச்சு மாப்ள. நாட்டு மீனுன்னு நெனச்சு நான்தானே முடிச்ச அவுத்தேன். ஊர்ல போயி சொல்லிடுவோம். இப்பவே புடிச்சிட்டா போச்சு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், வேறு எதற்கோ. "தடை பண்ண மீனுடா. கேஸு கீஸுன்னு இழுத்து விட்டுருவானுங்க. ரிட்டயர் ஆகுற நேரத்துல இது தேவையா? யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். உன் கண்மேல் நீ போட்டுக்கொண்ட பழியை அப்படியே உன் தலையில் விட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. அந்தக் கூழைவிட இது அதிகமாகக் குமட்டுகிறது.

நீ அதற்குப் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. மீனும் சாப்பிடவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் வந்தாய். சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாய். "அப்புறம் மாப்ள, என்ன சேதி?" என்பாய். "ஒண்ணுமில்ல" என்பேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "சரி, போயிட்டு வரேன்" என்று எழுந்துகொள்வாய். ஆறு வருஷம். வயதாகி மந்தமாகிவிட்டாய் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய வியாழனுக்கு முன்னால் வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனம் செய்வேன். ஒன்றுக்கும் உதவாத கோபதாபங்களையெல்லாம் சாமியாரிடம் சொல்லிவிட்டு, இதை மட்டும் வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வெளியே வருவேன்.

இந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பங்குனி முடிவதற்குள் ஏரி இடுப்பளவுச் சாறாகச் சுண்டிவிட்டது. பச்சைப் பசேலென்று பாசி, அதன்மேல் நகர்களின் சோப்பு நுரை. போன வாரம் ஒரே ராத்திரியில் மீனெல்லாம் செத்து மிதந்தது. நாம் விட்ட கெண்டையின் வம்சம், ஜிலேபி மீன், மிச்சமிருந்த ஒன்றிரண்டு விரால். சாகாதது ஒன்றே ஒன்றுதான்.

செல்வராஜ் போன் செய்தான். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறானே, அவன்தான். நீ அவனுக்கு வலை பின்னக் கண்ணி அளவு சொல்லிக் கொடுத்தாயே. "சார், நான்தான் அந்தக் கெளுத்திய உள்ள விட்டேன்னு ஊரே சொல்லுது. சனிக்கிழம கூட்டத்துல குத்தகைய ரத்து பண்ணப் போறாங்க. என் பொண்டாட்டி கூடையில மீன் எடுத்துட்டுப் போனா ஒருத்தரும் வாங்கறதில்ல. நீங்க பொன்னாடை வாங்குன மனுசன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க சார்" என்றான். பார், அவன் யோக்கியதைக்குச் சாட்சி சொல்ல என்னையே கூப்பிடுகிறான்.

ஏரிக்கரை ஆலமரத்தடியில்தான் கூட்டம். ஆளாளுக்கு மூக்கில் துண்டு. மீன்வளத் துறை அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வெயில் அதிகம், தண்ணீர் குறைவு, சாக்கடை கலந்திருக்கிறது, தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்றில்லை என்றார். கடைசியில், "எல்லாம் கிளைமேட் சேஞ்ச்தாங்க. நம்ம கையில என்ன இருக்கு?" என்று முடித்தார்.

அந்த வார்த்தை எல்லோருக்கும் எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? வாய்க்காலை மூடி வீடு கட்டியவர் தலையாட்டினார். சாக்கடைக் குழாயை ஏரிப் பக்கம் திருப்பியவர் தலையாட்டினார். ஆளுக்கொரு பக்கம் அதில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் கையை நீட்டினேன் மாப்ள. வெயில் பொய்யில்லை. ஆடியில் விதைத்தால் மழை இல்லை, அறுக்கிற நேரத்தில் கொட்டுகிறது என்று பின்னாலிருந்து ஒரு விவசாயி சொன்னதும் பொய்யில்லை. கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்ததை அவர் கையில் பிடித்துக் காட்டினார். ஆனால் போன அடைமழையில் அந்தக் கெளுத்தி வயல் வழியாகவே ஊர்ந்து அடுத்த ஏரிக்கும் போனதே, அதை வெயில் விடவில்லை. ஏரியைக் குப்பைத் தொட்டியாக்கியது வெயிலும் சாக்கடையும். அந்தத் தொட்டிக்கு ஏற்ற மீனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவன் நான்.

தலைவர் எழுந்தார். நமக்குப் பொன்னாடை போர்த்திய அதே ஆள்தான். "வெயிலு சரிங்க. அந்தக் கெளுத்தி வானத்துலேருந்தா விழுந்துச்சு? குத்தகைக்காரன் ஆசைப்பட்டு விட்டதுதானே? குத்தகைய ரத்து பண்ணிடலாம்" என்றார். செல்வராஜ் என்னைப் பார்த்தான். அவன் பக்கத்தில் நின்ற மனைவியும் பார்த்தாள்.

"அத விட்டது நான்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பை வாங்கிட்டு வந்து விட்டேன். தடை பண்ண மீனுன்னு விக்கிறவன் சொன்னான். தெரிஞ்சுதான் வாங்குனேன். எங்கூட வந்தாரே என் சிநேகிதரு, அவருகிட்ட நாட்டு மீனுன்னு பொய் சொன்னேன். செல்வராஜுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கொண்டுபோயிருந்த பொன்னாடையை மேஜைமேல் வைத்தேன். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் அந்தத் துண்டையும் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "குத்தகை விஷயத்த விட்ருங்க" என்று, தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அப்ப சார் எறங்கி அள்ளட்டும்" என்றார். அதிகாரி எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வரட்டும்.

செல்வராஜ் நன்றி சொல்வான் என்றுகூட ஒரு சபலம் எனக்கு இருந்தது, பார்த்துக்கொள். அவன் என் காலுக்குப் பக்கத்தில் காறித் துப்பிவிட்டு ஒரு மூங்கில் கூடையைக் கொடுத்தான்.

அறுபத்தெட்டு வயசில் முழங்கால் வரை சேற்றில் இறங்கினேன். செத்த கெண்டையைத் தூக்கினால் தோல் கையோடு வந்தது. வயிறு வெடித்து உள்ளிருந்து புழு கொட்டியது. என் காலடியில் அவை நெளிந்தன, நாம் விட்டவை, தொடை தடிமனில். செத்த மீனைத் தின்று கொழுத்து, அவ்வப்போது வாயைத் தூக்கிக் காற்றைக் குடித்துக்கொண்டு. ஏரியைச் சுற்றி ஒரு தவளைச் சத்தம் இல்லை. முன்பெல்லாம் கரையோரம் நத்தை பொறுக்கிக்கொண்டு நாரைகள் நிற்குமே, ஒன்றுகூட இல்லை. காகம் மட்டும் இருந்தது.

அங்கிருந்து நேரே பஸ் ஏறி வந்தவன்தான், முதலில் சொன்னேனே. காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. உன் வீட்டு கேட்டில் நின்று, "தங்கச்சி" என்று கூப்பிட்டேன். மாடி ஜன்னலில் வீட்டுக்காரர் தலை தெரிந்தது, உடனே ஜன்னல் சாத்தப்பட்டது. உன் வீட்டம்மா வெளியே வந்து, என் கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அரை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"தேச்சுக் கழுவுங்க அண்ணே. அவரு இப்படித்தான் கழுவுவாரு."

வாசல் குழாயில் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பை, விற்றவன், நான் சொன்ன பொய், கூட்டம், எல்லாம். அவள் குழாயை மூடினாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணே."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த மீன அறுத்த மறுநாளே குஞ்சு விக்கிறவனத் தேடிப் போனாரு. 'அந்த சாருகிட்ட வெவரம் சொல்லித்தான் குடுத்தேன்'னு அவன் சொல்லிட்டான். வந்து ரெண்டு நாள் பேசல. நான்தான், போயி கேட்டுட வேண்டியதுதானேன்னேன். 'கேட்டா அவன் இன்னொரு பொய் சொல்லுவான். அவனா சொல்லட்டும்'னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் திரும்பி வந்ததும் கேப்பேன், சொன்னாராங்கன்னு. 'இந்த வாரம் இல்ல'ம்பாரு."

கண்ணை மூடிக்கொண்டு மீன் பேர் சொல்கிறவன் ஏமாந்துவிட்டான் என்று எட்டு வருஷம் நான் நம்பியிருக்கிறேன். "என் கண்ணு ஏமாந்துடுச்சு" என்று நீ சொன்னது அன்றைக்கு உண்மை. அதற்கடுத்த ஞாயிறிலிருந்து நீ எதிரே வந்து உட்கார்ந்தது சாம்பாருக்காக இல்லை. "என்ன சேதி" என்று நீ கேட்டதெல்லாம் இதைத்தான். உன்மேலும் எனக்குக் கோபம் வருகிறது மாப்ள. சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் அப்போதே சில குட்டி மீன்களோடு முடிந்திருக்கும். நீயும் பொறுத்தாய், நானும் ஒளித்தேன், இடையில் அது தின்று பெருத்தது. கோபம் இருக்கட்டும். பெரிய பங்கு என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

இன்று ஞாயிறு. செல்வராஜ் காலை ஏழு மணிக்கே வரச் சொன்னான். தண்ணீர் குறைவாக இருக்கும்போதே சேற்றைக் கலக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக் குழியில் புதைக்க வேண்டும், கடைசி மீன் வரைக்கும் ஞாயிறுதோறும் வரணும் என்று சொல்லியிருக்கிறான். என்னை இப்போது சார் என்று கூப்பிடுவதில்லை. போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பதினாலு பிடித்தோம். இன்னும் எத்தனை இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை.

எழுத உட்காருவதற்கு முன் குழாயடியில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தீர்த்தேன். கையை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் அடிக்குதுங்க" என்றாள்.